மெரினாவை நடந்தே பார்ப்பது எப்படி?

முதல் தடவை நான் போய் இறங்கியது ‘சென்னைக் கடற்கரை’ ரயில் நிலையத்தில். பெயரிலேயே கடற்கரை இருக்கிறது, அப்புறம் என்ன சந்தேகம்? வெளியே வந்தால் பாரிமுனை. லாரி, பஸ், துறைமுகம், மணலைக் காணோம். டீக்கடைக்காரர் சிரித்தார்: “மெரினாவா தம்பி? திரும்பிப் போய் பறக்கும் ரயிலைப் பிடிங்க.”

அதனால் முதல் படி: வேளச்சேரி போகும் பறக்கும் ரயிலில் ஏறி சேப்பாக்கத்தில் இறங்குங்கள். தாம்பரம் பக்கமிருந்து வருபவர்கள் பூங்கா நிலையத்தில் இறங்கி, பூங்கா நகர் நிலையத்துக்கு நடந்துபோய் மாறிக்கொள்ளலாம். கிரிக்கெட் ஸ்டேடியத்தைத் தாண்டி வாலாஜா சாலையில் கிழக்கே நடந்தால் காமராஜர் சாலை, எதிரே மெரினா.

இரண்டாவது, விடியும்போதே போய்விடுங்கள். இது கிழக்குக் கரை. சூரியன் கடலில் உதிக்கும், மறைவது ஊருக்குள். ஷூ வேண்டவே வேண்டாம், ரப்பர் செருப்புதான் சரி. அலையில் கணுக்கால் வரை போதும். உள்ளிழுக்கும் கடல், குளிக்கத் தடை.

இனி சிலைகள். உழைப்பாளர் சிலையைச் சாலையிலிருந்தே படமெடுத்துவிட்டு நகராதீர்கள். பக்கவாட்டில் போய் நில்லுங்கள்: நான்கு பேர், ஒரு பாறை, முறுக்கேறிய முதுகுகள். தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்தது, 1959இல் வைத்தார்கள். 1923 மே 1 அன்று சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியதும் இந்தத் திருவல்லிக்கேணிக் கடற்கரையில்தான்.

தெற்கே நடந்தால் 1968 உலகத் தமிழ் மாநாட்டையொட்டி வைத்த வள்ளுவர், ஔவையார், ஜி.யு.போப் எல்லோரும் வருவார்கள். நான் அதிக நேரம் நிற்பது, கையில் சிலம்போடு இருக்கும் கண்ணகியிடம். 2001இல் அகற்றினார்கள், 2006இல் திரும்ப வந்தாள்.

சாலைக்கு அந்தப் பக்கம் வட்டமாகத் தெரிவது ஐஸ் ஹவுஸ். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் கட்டியது. 1897இல் விவேகானந்தர் தங்கியதால் இன்று விவேகானந்தர் இல்லம்.

சுண்டல் மாலையில்தான் நன்றாகக் கிடைக்கும். காலைப் பசிக்குத் திருவல்லிக்கேணிக்குள் போய் சாம்பாரில் மிதக்கும் இட்லி சாப்பிடுங்கள்.

பின்சேர்க்கை: கலங்கரை விளக்கம் வரை நடந்துபோய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு வந்ததாக இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். திங்கட்கிழமை விடுமுறை, மற்ற நாட்களிலும் காலை 10 மணிக்கு மேல்தான் திறப்பார்கள். லிஃப்ட் இருக்கிறது. இன்னொருவர் சக்கர நாற்காலியில் வரும் அம்மாவுக்காகக் கேட்டிருந்தார்: மணலுக்குக் குறுக்கே மரப்பாதை போட்டிருக்கிறார்கள், அலைக்குப் பக்கத்திலேயே போகலாம்.