பிகுன் தோங்: தாய்லாந்தின் மகிழம்பூக் கதையை மூன்றாம் வகுப்பில் நடத்துவது எப்படி?

கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் நிற்கும் பிள்ளையிடம் "வாயைத் திறந்தா முத்தா உதிர்ந்துடும்?" என்று நம் வீடுகளில் கேட்பார்கள். தாய்லாந்தில் அதே இடத்தில் "பிகுன் பூ உதிர்ந்துவிடும் என்று பயமா?" என்பார்கள். பிகுன் என்பது நம்முடைய மகிழம்பூதான். தோங் என்றால் பொன். பேசும்போது வாயிலிருந்து பொன் மகிழம்பூ உதிரும் பெண்ணின் கதை அங்கே குழந்தைகளுக்குச் சொல்லப்படும் பழங்கதை. மூன்றாம், நான்காம் வகுப்புக்கு இது நன்றாகப் பொருந்தும். 40 நிமிடப் பாடவேளை இரண்டு போதும்.

முதலில் கதை, நடத்துபவருக்காக. பிகுன் தாய் தந்தை இல்லாதவள். மாற்றாந்தாயிடமும் அவள் மகள் மலியிடமும் வளர்கிறாள். நெல் குத்தி முடித்துவிட்டுத் தொலைவிலுள்ள ஓடையில் தண்ணீர் எடுத்து வரும்போது ஒரு கிழவி தாகம் என்கிறாள். பிகுன் குடிக்கக் கொடுக்கிறாள். முகம் கை கழுவிக்கொள்ளவும் கொடுக்கிறாள். கிழவி உண்மையில் ஒரு தேவதை. "பிறர்மேல் இரக்கம் கொண்டு நீ பேசும்போதெல்லாம் பொன் பூ உதிரட்டும்" என்று வரம் தருகிறாள். தாமதமாக வந்ததற்கு வீட்டில் திட்டு. நடந்ததைச் சொல்லும்போதே பூ உதிர்கிறது. மாற்றாந்தாய்க்கு ஆசை வந்து, நாள் முழுக்கப் பேசு பேசு என்று பேசவைக்கிறாள். பிகுனுக்குத் தொண்டை கட்டிக் குரலே போய்விடுகிறது. அடுத்து மலியை ஓடைக்கு அனுப்புகிறாள். மலி தேடிப் போனது கிழவியை. மரத்தடியில் இருந்ததோ நன்றாக உடுத்திய ஒரு பெண். அவள் தண்ணீர் கேட்க, மலி எரிந்து விழுகிறாள். "கோபத்தில் பேசினால் புழு உதிரட்டும்" என்று சாபம் கிடைக்கிறது. பிகுன் பொய் சொல்லி ஏமாற்றிவிட்டாள் என்று அவளை விரட்டிவிடுகிறார்கள். காட்டில் அழுதுகொண்டிருந்தவளை ஓர் இளவரசன் கண்டு, நடந்ததைக் கேட்டு, மணந்துகொள்கிறான்.

இதே பெயரில் அரக்கர்கள் வரும் நீண்ட நாடகக் கதை ஒன்றும் தாய்லாந்தில் உண்டு. தேடும்போது இரண்டும் கலந்து வரும். உங்களுக்கு வேண்டியது தண்ணீர்க் குடம் வரும் கதை.

உச்சரிப்பைச் சரியாகப் பிடியுங்கள். 'பிகுன்' என்பதில் முதல் எழுத்து 'பி'தான். ஆங்கில எழுத்தைப் பார்த்து 'ஃபிகுன்' என்று படிக்க வேண்டாம். 'மலி' குறில், 'மாலி' அல்ல.

தேவையானவை: 3 லிட்டர் பிடிக்கும் சிறிய குடம், 200 மி.லி. தம்ளர், 3 லிட்டர் அளவில் சாக்பீஸ் கோடு போட்ட வாளி, மகிழம்பூ ஒரு கைப்பிடி, ஆளுக்கு இரண்டு துண்டு மஞ்சள் தாள், மூடியில் துளை போட்ட அட்டைப்பெட்டி ஒன்று. பள்ளிக்குப் பக்கத்தில் மரம் இருந்தால் காலையில் கீழே உதிர்ந்து கிடப்பதைப் பொறுக்கலாம். இல்லையென்றால் நாட்டு மருந்துக் கடையில் 50 கிராம் காய்ந்த பூ வாங்குங்கள். காய்ந்தாலும் மணம் போகாது என்பதுதான் இந்தப் பூவின் சிறப்பு. தாய்லாந்திலும் இதை மருந்துக்குச் சேர்க்கும் ஐந்து மலர்களில் ஒன்றாக வைத்திருக்கிறார்கள். மன்னர் முடிசூட்டு விழாவில் பொன்னிலும் வெள்ளியிலும் செய்த பிகுன் பூக்களைத் தூவும் வழக்கமும் உண்டு. 2019 மே மாத விழாவிலும் தூவினார்கள்.

கார்ட்டூன் வீடியோ முதல் நாளில் வேண்டவே வேண்டாம். அதைப் போட்டால் பிள்ளைகள் மனத்தில் இளவரசனும் உடையும்தான் நிற்கும், குடம் நிற்காது. வாயால் சொல்லுங்கள். கரும்பலகையில் ஓடை, மரம், வீடு என மூன்று படம் போதும்.

முதல் நாள்

பூவைக் கையில் கொடுத்து முகரச் சொல்லித் தொடங்குங்கள், 5 நிமிடம். பெயரைச் சொல்லாதீர்கள், மகிழம்பூ என்று அவர்களே சொல்வார்கள். பிறகு கிழவி தண்ணீர் கேட்கும் இடம்வரை கதை.

அங்கே நிறுத்திவிட்டு வெளியே போங்கள். வகுப்பறைக்குள் செய்தால் தண்ணீர் சிந்தி வழுக்கும். ஒரு பிள்ளை நிறைகுடத்தோடு 20 மீட்டர் நடக்கட்டும். பாதி வழியில் இன்னொரு பிள்ளை தண்ணீர் கேட்கட்டும். குடிக்க ஒரு தம்ளர், முகம் கை கழுவ மூன்று தம்ளர். ஆக 800 மி.லி. போய்விடும். மீதியை வாளியில் ஊற்றினால் கோட்டைத் தொடாது. இப்போது என்ன செய்வது? திரும்பப் போய் மொண்டு வர வேண்டும். அந்தப் பிள்ளை மறுபடி நடக்கும்போது மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்கட்டும். பிகுன் ஏன் தாமதமாக வீட்டுக்குப் போனாள், ஏன் திட்டு வாங்கினாள் என்று நீங்கள் விளக்கவே தேவையில்லை. இதைச் செய்யாத வகுப்பில் பிள்ளைகள் "கொஞ்சம் தண்ணிதானே டீச்சர்" என்பார்கள். உதவி என்பது செலவில்லாத காரியம் என்று நினைத்துவிடுவார்கள்.

உள்ளே வந்ததும் 'நாம் ஜை' என்ற தாய்லாந்துச் சொல்லைப் பலகையில் எழுதுங்கள். 'நாம்' என்றால் தண்ணீர், 'ஜை' என்றால் மனம். இரண்டும் சேர்ந்தால் பிறருக்கு மனமுவந்து உதவும் குணம். "நெஞ்சில் ஈரம்" என்று நாம் சொல்வதும் இதைத்தான். நனைந்த கையோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு இந்தச் சொல் சட்டென்று பிடித்துவிடும்.

தொண்டை கட்டிப்போகும் இடத்தோடு முதல் நாளை முடியுங்கள்.

இரண்டாம் நாள்: பலரும் சறுக்கும் இடம்

மலி ஓடைக்குப் போகும் காட்சி. "நல்லாப் பேசினா தங்கம் கிடைக்கும், கெட்டதாப் பேசினா புழு வரும்" என்று பிள்ளைகள் உடனே ஒப்பிப்பார்கள். ஆசிரியரும் "சரியாச் சொன்னே" என்று முடித்துவிடுவார். அதோடு பாடம் கெட்டுவிடுகிறது, ஏனென்றால் தங்கம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டுப் போனவள் மலிதான். பிகுன் தண்ணீர் கொடுத்தபோது வரம் எதையும் எதிர்பார்க்கவில்லை.

இதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிக்க மூன்று கேள்விகள், இதே வரிசையில்:

மரத்தடியில் அன்றைக்கும் ஒரு கிழவியே உட்கார்ந்திருந்தால் மலி என்ன செய்திருப்பாள்?
கொடுத்திருப்பாள் என்றால், அது தாகத்துக்காகவா, பூவுக்காகவா?
எதிரே இருப்பவர் தேவதை இல்லை, சாதாரணப் பெண் என்று தெரிந்திருந்தால் பிகுன் என்ன செய்திருப்பாள்?

முதல் கேள்விக்கு வகுப்பு இரண்டாகப் பிரியும். பிரியட்டும். ஐந்து நிமிடமாவது பேச விடுங்கள். விடையை நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

புழு வரும் இடத்தில் சிரிப்பும் "உவ்வே"யும் கிளம்பும். ரப்பர் புழு கொண்டுவந்து காட்டினால் மீதி 30 நிமிடமும் போச்சு. குரலைத் தாழ்த்தி ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு, தாய்லாந்துப் பழமொழிக்குப் போய்விடுங்கள்: "பனையேறிக் கெண்டை வாயால் செத்தது." அந்த மீன் மூச்சுக்காக நீர்மட்டத்துக்கு வந்து வாய் திறக்கும், குமிழி எழும், மீன்பிடிப்பவருக்கு இடம் தெரிந்துவிடும். பிள்ளைகளின் கவனம் மீனுக்குத் திரும்பிவிடும்.

பிகுன் விரட்டப்படுவதையும் இளவரசன் வருவதையும் இரண்டு மூன்று வாக்கியத்தில் முடிக்கலாம். ஒரேயடியாக விட்டுவிட்டால் "அந்த அக்கா காட்டுலயே இருக்காங்களா?" என்று சின்னவர்கள் கவலைப்படுவார்கள்.

பூப்பெட்டி

இனிமையாகப் பேசும் பிள்ளைக்கு ஆசிரியர் மஞ்சள் தாள் பூ கொடுப்பது, அதிகம் சேர்த்தவருக்குப் பரிசு என்பது பரவலான முறை. இதைச் செய்யாதீர்கள். அரை மணி நேரத்தில் "தேங்க்யூ டீச்சர், தேங்க்யூ டீச்சர்" என்று காரணமில்லாமல் வரிசையில் வந்து நிற்பார்கள். கதையில் மாற்றாந்தாய் பிகுனிடம் செய்ததை நாமே வகுப்பில் செய்ததாகிவிடும். வாய் இனித்தால் போதும் என்ற பழக்கமும் ஒட்டிக்கொள்ளும். தாய்லாந்து மொழியில் 'பாக் வான்', அதாவது இனிப்பு வாய், என்ற சொல்லே நைச்சியமாகப் பேசுபவரையும் குறிக்கும்.

மாற்றிச் செய்யுங்கள். நல்ல சொல்லைக் கேட்டவர்தான் பூவில் எழுத வேண்டும்: யார், என்ன சொன்னார், அப்போது தனக்கு எப்படி இருந்தது. தன்னைப் பற்றித் தானே எழுதக் கூடாது. பெட்டியில் போட்டுவிட வேண்டும். எண்ணிக்கை கிடையாது, பரிசு கிடையாது. வெள்ளிக்கிழமை நான்கைந்தை மட்டும் எடுத்துப் படியுங்கள். எழுதியவர் பெயரைப் படிக்க வேண்டாம். ஒருமுறைகூடப் பெயர் வராத பிள்ளை யார் என்பதை நீங்கள் மட்டும் கவனித்து, அந்தப் பிள்ளை செய்த நல்லதை ஒரு பூவில் நீங்களே எழுதிப் போடுங்கள்.

பிறகு சேர்த்தவை

சித்தி: நம் பிள்ளைகளுக்குச் சித்தி என்றால் அம்மாவின் தங்கையும்தான். வகுப்பில் மாற்றாந்தாயிடம் அன்பாக வளரும் பிள்ளையும் இருக்கலாம். அதனால் கதை முழுக்க "மலியின் அம்மா" என்றே சொல்லுங்கள். கதைக்கு எந்தக் குறையும் வராது.

பெயர்: மலி என்றால் தாய்லாந்து மொழியில் மல்லிகை. வகுப்பில் மல்லிகா இருந்தால் கேலி கிளம்பும். ஆகவே முதல் நாள் பொருள் சொல்ல வேண்டாம். இரண்டாம் நாள் கடைசியில் சொல்லுங்கள், சாபத்தின் சொற்களை நினைவுபடுத்திவிட்டு. கோபத்தில் பேசினால்தான் புழு. அப்படியானால் மலிக்கு வழி இருக்கிறதா? பிள்ளைகள் கொஞ்சம் யோசித்துப் பிடித்துவிடுவார்கள். மல்லிகையும் மணக்கிற பூதானே என்ற பேச்சு அப்போது வந்தால் கேலிக்கு இடமிருக்காது.

வீட்டுப்பாடம் இதிலிருந்தே: மலிக்கு ஐந்து வரிக் கடிதம். அறிவுரையாக எழுதக் கூடாது. நாளைக் காலை அவள் யாரிடம், என்ன பேசலாம் என்று அவள் சொல்ல வேண்டிய வார்த்தைகளையே எழுத வேண்டும். ஒன்றாம், இரண்டாம் வகுப்பென்றால் எழுத்து வேண்டாம், வாயால் சொன்னால் போதும்.