சார்ஜரில் எந்த எண்ணைப் பார்க்க வேண்டும்?

அம்மாவின் பிபி மெஷினுக்கு 6 வோல்ட் அடாப்டர். ஒருநாள் அது கைக்குக் கிடைக்கவில்லை. பக்கத்தில் கிடந்த வைஃபை மோடத்தின் அடாப்டரை எடுத்துச் செருகினேன். அதன் உருண்டைப் பின் அச்சு அசலாகப் பொருந்தியது. திரையில் எண்கள் ஒருமுறை மின்னி அணைந்தன, கருகிய வாடை வந்தது. அந்த அடாப்டரின் அடியில் 12 வோல்ட் என்று தெளிவாக அச்சிட்டிருந்தது.

அதே வீட்டில்தான், "இது 3 ஆம்ப்ஸ் சார்ஜர், பழைய போனில் போட்டால் வெடித்துவிடும்" என்று ஒரு நல்ல சார்ஜரை அலமாரியில் பூட்டி வைத்திருந்தோம். பயப்பட வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேறு எங்கோ பயந்திருக்கிறோம்.

வோல்ட் என்பது சார்ஜர் கொடுப்பது. ஆம்பியர் என்பது கருவி எடுத்துக்கொள்வது. சார்ஜரில் எழுதியிருப்பது அதன் உச்சவரம்பு மட்டுமே. 16 ஆம்பியர் பிளக் பாயிண்டில் டேபிள் ஃபேனைச் செருகினால் ஃபேன் எரிந்து போகிறதா? தனக்கு வேண்டிய அளவைத்தான் அது இழுக்கிறது. போனும் அப்படியே. வோல்ட் பொருந்தினால் ஆம்பியர் கூடுதலாக இருப்பதில் ஆபத்தில்லை. குறைவாக இருந்தால்தான் தொல்லை: சார்ஜ் மெதுவாக ஏறும், மலிவான அடாப்டர் என்றால் கொதிக்கும்.

இன்னொரு தவறு, தப்பான வரியைப் படிப்பது. '100–240 வோல்ட், 0.5 ஆம்பியர்' என்பது இன்புட், அதாவது சுவரிலிருந்து சார்ஜருக்குள் போவது. அந்த 0.5ஐப் பார்த்து "இது வீக்கான சார்ஜர்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது அவுட்புட் வரி. ஒரு 20 வாட் சார்ஜரில் அது இப்படி இருக்கும்: 5 வோல்ட் 3 ஆம்பியர், அல்லது 9 வோல்ட் 2.22 ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் வாட். முதலாவது 15, அடுத்தது ஏறக்குறைய 20.

சரி, 5 வோல்ட் போனில் 9 வோல்ட் பாயாதா? பாயாது. யுஎஸ்பி பிடி (பவர் டெலிவரி என்ற வேக சார்ஜிங் முறை) சார்ஜர் முதலில் 5 வோல்ட்டில்தான் தொடங்கும். போன் கேபிள் வழியே 9 வோல்ட் கேட்டால் மட்டுமே ஏற்றும். கேட்கத் தெரியாத பழைய போனுக்கு 5 வோல்ட்டிலேயே நிற்கும். 20 வோல்ட் வரை போகும் லேப்டாப் டைப்-சி சார்ஜரில் போனைப் போடலாம் என்பதும் இதனால்தான். ஆனால் மோடம், பிபி மெஷின் போன்றவற்றின் உருண்டைப் பின்னில் இந்தப் பேச்சுவார்த்தையே கிடையாது. செருகிய நொடியில் முழு வோல்ட்டும் உள்ளே போய்விடும். அங்கே வோல்ட் கண்டிப்பாக ஒத்துப்போக வேண்டும். பக்கத்தில் வட்டத்தோடு போட்டிருக்கும் கூட்டல், கழித்தல் குறிகளையும் பாருங்கள். பின்னின் நடுவே பிளஸ்ஸா மைனஸா என்பது கருவிக்குக் கருவி மாறும்.

வாட்டை மட்டும் பார்த்து வாங்கி ஏமாறுபவர்களும் உண்டு. 11 வோல்ட் 7.3 ஆம்பியர் தரும் 80 வாட் சார்ஜரை வேறு கம்பெனி போனில் மாட்டினால் அந்த வேகம் வராது. அது தன் வகைப் போனோடும் கேபிளோடும் மட்டும் பேசும் மொழி. சாம்சங்கின் 25 வாட் வேகத்துக்கும் சார்ஜரில் பிபிஎஸ் வசதி, அதாவது போன் கேட்கக் கேட்க வோல்ட்டைச் சிறிது சிறிதாக மாற்றித் தரும் வசதி, இருக்க வேண்டும். கேபிளுக்கும் வரம்பு உண்டு. சாதாரண டைப்-சி கேபிள் 3 ஆம்பியர்தான் தாங்கும்; 5 ஆம்பியர் வேண்டுமென்றால் உள்ளே சிப் வைத்த கேபிள் வாங்க வேண்டும். இரண்டு மூன்று போர்ட் உள்ள சார்ஜரில் பெரிதாகப் போட்டிருக்கும் வாட் எல்லாப் போர்ட்டுக்கும் சேர்த்து என்பதை மறந்துவிடாதீர்கள்.

எண்கள் எல்லாம் சரியாக இருந்தும் அவை பொய்யாக இருக்கலாம். நம் நாட்டில் விற்கும் அடாப்டருக்கு பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பதிவு கட்டாயம். 'ஆர்' என்று தொடங்கும் எண் அதன்மேல் இருக்கும். பிஐஎஸ் கேர் செயலியில் அதைத் தட்டினால் யாருடைய பதிவு என்று வந்துவிடும். கடையிலேயே நின்று பார்த்துவிடுங்கள்.

இப்போது எங்கள் வீட்டில் ஒவ்வொரு அடாப்டரிலும் வெள்ளை பிளாஸ்திரி ஒட்டி, மார்க்கரால் எழுதியிருக்கிறேன்: 'மோடம் 12', 'அம்மா பிபி 6'.