ஷாந்தலர் நாளில் கிரெப் சுடலாம்: முதன்முறை செய்பவர்களுக்கான செய்முறை

கிரெப் என்பது மைதா, முட்டை, பால் கலந்து மெல்லியதாகச் சுடும் பிரெஞ்சுப் பண்டம். தோசை சுடத் தெரிந்த கைக்கு அது எளிது என்று எண்ணித்தான் நானும் தொடங்கினேன். மாவை நடுவில் ஊற்றிக் கரண்டியால் வட்டமாகத் தேய்த்தேன். மாவு கரண்டியோடு சுருண்டு வந்துவிட்டது. நமக்குக் கைவந்த வேலைகளில் இது தோசையை விட ஆப்பத்துக்கு நெருக்கமானது என்று பிறகுதான் புரிந்தது. அதனால் அடுப்பைப் பற்ற வைக்கும் முன் முழுச் செய்முறையையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

பிரான்ஸில் பிப்ரவரி 2 அன்று கிரெப் சுடுகிறார்கள். அந்த நாளின் பெயர் ஷாந்தலர். மெழுகுவர்த்தியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. கிறிஸ்துமஸிலிருந்து எண்ணினால் நாற்பதாவது நாள், குழந்தை இயேசுவைக் கோயிலில் ஒப்புக்கொடுத்ததன் நினைவு. தேவாலயத்தில் மெழுகுவர்த்திகளை மந்திரித்துக் கொடுப்பார்கள். அரசு விடுமுறை கிடையாது. பள்ளி, அலுவலகம் முடிந்து வந்து மாலையில் வீட்டில்தான் கொண்டாட்டம். குளிர்காலத்தின் நடுவில் வட்டமாகவும் பொன்னிறமாகவும் ஒன்றைச் சுட்டுச் சூரியனை நினைத்துக்கொள்கிறார்கள் என்பது வழிவழியாகச் சொல்லும் விளக்கம். எனக்கு அது மிகவும் பிடித்திருக்கிறது.

படி 1: மாவு கரைத்தல்

மைதா 250 கிராம், முட்டை 4, பால் அரை லிட்டர், உருக்கிய வெண்ணெய் 50 கிராம், சர்க்கரை இரண்டு மேசைக்கரண்டி. சுமார் பன்னிரண்டு கிரெப் வரும். நம் கடைகளில் கிடைக்கும் வெண்ணெய் பெரும்பாலும் உப்புப் போட்டதுதான்; அதையே பயன்படுத்துங்கள், தனியாக உப்பு வேண்டாம். பிரான்ஸில் கிரெப்புக்குப் பேர்போன பிரிட்டனி வட்டாரத்திலும் உப்பு வெண்ணெய்தான். பழைய பிரெஞ்சு அரசு விதித்த உப்பு வரியிலிருந்து பிரிட்டனிக்கு விலக்கு இருந்ததால், அங்கே உப்பு மலிவு. வெண்ணெயில் தாராளமாகச் சேர்த்தார்கள். வரி 1790-இல் ஒழிந்தது, அந்த ருசி மட்டும் ஒழியவில்லை.

மைதாவைச் சலித்து நடுவில் குழி செய்து முட்டைகளை உடைத்து ஊற்றுங்கள். நடுவிலிருந்து வெளிப்பக்கமாகக் கலக்கிக்கொண்டே, பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். பாலை மொத்தமாக ஊற்றினால் கட்டி தட்டும். கடைசியாக வெண்ணெய். மாவு ரவா தோசை மாவை விடச் சற்றே கெட்டியாக இருக்க வேண்டும்.

படி 2: காத்திருத்தல்

ஒரு மணி நேரம் மூடி வையுங்கள். இது புளிக்க வைப்பதற்காக அல்ல. மைதா ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளவும், கலக்கியதில் முறுக்கேறிய பசைத்தன்மை தளரவும் அந்த நேரம் தேவை. அவசரப்பட்டால் கிரெப் ரப்பர் போல இழுபடும். மாவு கெட்டிப்பட்டிருந்தால் இரண்டு கரண்டி பால் ஊற்றிக்கொள்ளலாம்.

படி 3: சுடுதல்

ஒட்டாத, விளிம்பு தாழ்ந்த தவா நல்லது. நன்றாகச் சூடானதும் வெண்ணெய் தொட்ட துணியால் துடைத்தாற்போல் தடவுங்கள். தவாவை அடுப்பிலிருந்து தூக்கி, ஒரு சிறு கரண்டி மாவை ஊற்றி, ஆப்பச்சட்டியைச் சுழற்றுவது போல உடனே சுழற்றுங்கள். மாவு தானாக ஓடிப் பரவும். கரண்டி அதைத் தொடவே கூடாது. ஓரம் பழுப்பேறித் தூக்கிக்கொண்டு வரும்போது, ஏறக்குறைய ஒரு நிமிடத்தில், திருப்ப வேண்டும். மறுபக்கத்துக்கு அரை நிமிடம் போதும். முதல் கிரெப்பைச் சூடு பார்க்கும் கிரெப் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிரிட்டனியில் இதைப் பெரிய வட்ட இரும்புக் கல்லில் சுடுகிறார்கள். அதன் பெயர் பில்லிக். பரப்புவதற்கு ரோசெல் என்ற மரக்கட்டை உண்டு, நீண்ட காம்பின் நுனியில் குறுக்காக ஒரு சிறு பலகை. அங்கே தேய்த்துத்தான் பரப்புகிறார்கள், ஆனால் அந்தக் கை லாகவத்துக்கு நீண்ட பழக்கம் வேண்டும். பக்வீட் என்னும் கருங்கோதுமை மாவில் கார வகையும் சுடுவார்கள். பெயரில் கோதுமை இருந்தாலும் அது கோதுமை இனமே இல்லை. ஹாம், முட்டை, சீஸ் வைத்து நான்கு பக்கமும் மடித்துத் தருவார்கள்.

பிரிட்டனி என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது குழாய் போல நிமிர்ந்து நிற்கும் வெள்ளை லேஸ் தலையணி. அது பிரிட்டனி முழுவதற்கும் உரியது அல்ல என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பிரிட்டனியின் தென்மேற்கு மூலையில் போன்-லாபே ஊரைச் சுற்றியுள்ள பிகூதேன் வட்டாரப் பெண்களுடையது அது. கஞ்சி போட்டு விறைப்பாக்கிய அந்த லேஸ் இருபதாம் நூற்றாண்டில் வளர்ந்து வளர்ந்து முப்பது சென்டிமீட்டரைத் தாண்டியது. பக்கத்து வட்டாரத்தில் தலையணி வேறு வடிவம். தலையைப் பார்த்தே ஒரு பெண் எந்தப் பக்கத்தைச் சேர்ந்தவர் என்று சொல்லிவிட முடிந்தது. கறுப்புத் துணியில் மஞ்சளும் ஆரஞ்சுமாக அடர்ந்த பிகூதேன் பூவேலையில் மயிலிறகு வடிவம்கூட உண்டு. பிரெஞ்சு உடை என்று பொதுப்பெயரிட்டு இதை எதனோடும் கலந்துவிடாதீர்கள்.

படி 4: நாணயத்தோடு புரட்டுதல்

சடங்கு இதுதான். இடது கையில் ஒரு நாணயம், வலது கையில் தவாவின் பிடி. கிரெப்பை மேலே வீசிப் புரட்ட வேண்டும். மடியாமல் தட்டையாகத் தவாவிலேயே விழுந்தால் அந்த ஆண்டு வீட்டில் பணத்துக்குக் குறைவிருக்காது. முன்பு தங்கக் காசு, இப்போது யூரோ. உங்களிடம் இருக்கும் ஐந்து ரூபாயும் போதும்.

முதலில் தவாவை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். கிரெப் முழுதாக வழுக்கினால் மட்டும் வீசுங்கள். எங்காவது ஒட்டியிருந்தால் கிழிந்துவிடும். தவாவின் முன்விளிம்பைச் சற்றே தாழ்த்தி முன்னால் தள்ளி, உடனே மணிக்கட்டால் மேலே சுண்ட வேண்டும். ஒரு சாண் உயரம் போதும். விழும் கிரெப்போடு தவாவையும் கொஞ்சம் கீழிறக்கினால் மெத்தென்று வந்து படியும். வீட்டில் உள்ள எல்லோரும் ஆளுக்கு ஒருமுறை புரட்டுவார்கள். குழந்தைகள் வீசும்போது தவாவை அடுப்பிலிருந்து தள்ளி வைத்துப் பின்னால் நின்று பிடித்துக்கொள்ளுங்கள்.

சில வீடுகளில் முதல் கிரெப்பை நாணயத்தின் மேல் சுருட்டி, அடுத்த ஆண்டு வரை அலமாரியின் உச்சியில் வைத்திருந்தார்கள். நம் வெயிலில் அதற்கு எறும்பு வந்துவிடும். நாணயத்தை மட்டும் வையுங்கள்.

எல்லா ஊரிலும் கிரெப்தான் என்று நினைத்துவிட வேண்டாம். மார்செய் நகரில் இந்த நாளுக்குப் பச்சை மெழுகுவர்த்தி ஏந்துகிறார்கள், படகு வடிவ பிஸ்கட் வாங்குகிறார்கள்.

படி 5: பரிமாறுதல்

சுட்டவற்றை அடுக்கிய தட்டை, வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்தால் கடைசி ஆள் வரும்வரை சூடு ஆறாது. ஜாம் தடவலாம், சாக்லேட் தடவலாம். நான் சொல்வது ஒன்றுதான்: இன்னும் சூடாக இருக்கும்போதே ஒரு சிட்டிகை சர்க்கரை தூவி, எலுமிச்சை பிழிந்து, நான்காக மடித்துக் கையாலேயே சாப்பிடுங்கள்.