வீட்டில் இசைப் பதிவுக்கு லினக்ஸ்: தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டிலேயே பாட்டுப் பதிவுசெய்ய லினக்ஸ் போடலாம் என்று நினைப்பவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "எந்த டிஸ்ட்ரோ நல்லது? உபுண்டு ஸ்டூடியோவா, ஏவி லினக்ஸா, ஃபெடோரா ஜாமா?" டிஸ்ட்ரோ என்பது லினக்ஸையும் மென்பொருள்களையும் சேர்த்துக் கட்டித் தரும் ஒரு பதிப்பு. பதிலுக்கு நான் இரண்டு கேள்வி கேட்பேன். மைக்கைக் கணினியோடு இணைக்க உங்களிடம் இருக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் எது? எந்தப் பிளக்இன் (பதிவு மென்பொருளுக்குள் சேர்த்துக்கொள்ளும் வாத்தியம் அல்லது ஒலி விளைவு) இல்லாமல் உங்களுக்கு வேலை ஓடாது? பலர் அதை யோசித்தே இருக்க மாட்டார்கள். டிஸ்ட்ரோவின் பெயர் கடைசியாக முடிவாக வேண்டியது. அதை முதலில் முடிவுசெய்வதால்தான் மற்ற தவறுகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன.

ஒரு விஷயத்தை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்வோம். எந்த டிஸ்ட்ரோவும் ஒலியின் தரத்தைக் கூட்டாது. எல்லாவற்றிலும் அடியில் இருப்பது அதே லினக்ஸ் கெர்னல் (சிஸ்டத்தின் மையப் பகுதி), ஒலிக் கருவிகளோடு பேசும் அதே ஆல்சா, இப்போது பெரும்பாலும் மென்பொருள்களுக்கிடையே ஒலியைக் கொண்டுசேர்க்கும் அதே பைப்வயர். உபுண்டு ஸ்டூடியோவில் ஓடும் ஆர்டோர் என்ற பதிவு மென்பொருளும் டெபியனில் ஓடும் ஆர்டோரும் ஒன்றுதான். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் பதிவான உங்கள் குரல் இரண்டிலும் ஒரே குரல்தான். வித்தியாசம் இருப்பது பதிவுக்கு முன்பே எவ்வளவு அமைத்துக் கொடுத்திருக்கிறார்கள் என்பதில், கெர்னலும் மென்பொருளும் எவ்வளவு புதியவை என்பதில், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை எல்லாம் மாறும் என்பதில்.

கருவியைப் பார்க்காமல் போடுவது

ஆடியோ இன்டர்ஃபேஸ் யூஎஸ்பியில் 'கிளாஸ் கம்ப்ளையன்ட்' வகையாக இருந்தால் தனி டிரைவர் தேவையில்லை, செருகினால் லினக்ஸ் அடையாளம் கண்டுகொள்ளும். டிரைவர் எதுவும் போடாமல் ஐபேடில் வேலை செய்யும் என்று பெட்டியில் எழுதியிருந்தால் லினக்ஸிலும் பெரும்பாலும் வேலை செய்யும் என்று நம்பலாம். பெரிஞ்சர் யூஎம்சி வரிசை, மோட்டு எம்2, ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் போன்றவற்றைப் பலர் லினக்ஸில் நிம்மதியாகப் பயன்படுத்துகிறார்கள். யுனிவர்சல் ஆடியோவின் அப்பல்லோவுக்கோ நிறுவனம் லினக்ஸ் டிரைவரே தரவில்லை. அதை வைத்துக்கொண்டு எந்த டிஸ்ட்ரோ மாற்றியும் பயனில்லை.

ஸ்கார்லெட் மூன்றாம் தலைமுறைக் கருவிகளில் ஒரு நுணுக்கம் உண்டு. புதிதாகச் செருகும்போது அது கம்ப்யூட்டருக்குத் தன்னை ஒரு பென்டிரைவ் போலவும் காட்டிக்கொள்ளும். 2ஐ2 போன்ற மாடல்களில் 48வி பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே மின்சாரம் கொடுத்தால் அந்த நிலை போய்விடும். இது தெரியாமல் லினக்ஸே சரியில்லை என்று விட்டுவிட்டுப் போனவர்கள் உண்டு. ஸ்கார்லெட்டின் உள் மிக்சரை லினக்ஸிலிருந்தே கட்டுப்படுத்துவதற்கான டிரைவரையும் அதற்கான சாளர மென்பொருளையும் ஜெஃப்ரி பென்னட் எழுதிக் கொடுத்திருக்கிறார். நிறுவனம் செய்யாத ஒரு வேலையைத் தனி ஒருவர் ஆண்டுக்கணக்கில் உழைத்துச் செய்திருப்பது எனக்கு இன்றும் மனதைத் தொடுகிற விஷயம். ஆனால் அந்த டிரைவர் முழுதாக வேலை செய்யக் கெர்னல் ஓரளவு புதியதாக இருக்க வேண்டும். டிஸ்ட்ரோ எது என்பது இந்த இடத்தில்தான் முதல்முறையாகப் பொருட்படுத்த வேண்டியதாகிறது. பழைய கெர்னலோடு வரும் டிஸ்ட்ரோவில், நேற்று வாங்கிய லேப்டாப்பின் ஸ்பீக்கர்கூடச் சத்தம் போடாமல் இருக்கலாம்.

அதனால் இன்ஸ்டால் செய்யும் முன் பென்டிரைவில் லைவாக ஓட்டிப் பாருங்கள். இன்டர்ஃபேஸ் தெரிகிறதா, இரண்டு உள்ளீடும் வருகிறதா, மைக்கில் பேசினால் பதிவாகிறதா என்று பார்த்தால் போதும். வேகத்தை மட்டும் அதில் வைத்து எடைபோட வேண்டாம், பென்டிரைவிலிருந்து ஓடுவது எப்போதும் மெதுவாகத்தான் இருக்கும்.

பிளக்இன் பட்டியலை எழுதாமல் இருப்பது

ஒரு தாளில் எழுதுங்கள்: நான் தினமும் பயன்படுத்துவது எவை? பதிவு மென்பொருள்களில் ரீப்பர், பிட்விக், ரெனாய்ஸ், ஆர்டோர் எல்லாவற்றுக்கும் நேரடி லினக்ஸ் பதிப்பு உண்டு. ஏபிள்டன் லைவ், எஃப்எல் ஸ்டூடியோ, கியூபேஸ், லாஜிக் இவற்றுக்கு இல்லை. சின்தசைசரில் சர்ஜ் எக்ஸ்டி, வைட்டல், பியானோவுக்குப் பியானோடெக் என்று நல்லவை லினக்ஸுக்கே வருகின்றன. ஐலாக் என்ற உரிமக் காப்பு கேட்கும் பிளக்இன்களும், கான்டாக்ட் என்ற சாம்பிள் மென்பொருள் வழியாக ஓடும் பெரிய வயலின் தொகுப்புகளும் அப்படி இல்லை.

விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் வைன், விண்டோஸ் பிளக்இன்களை லினக்ஸ் பதிவு மென்பொருளோடு இணைக்கும் யாப்ரிட்ஜ் இரண்டையும் வைத்து அந்தப் பிளக்இன்களில் பலவற்றை ஓட்டலாம் என்பது உண்மை. ஆனால் அந்தப் பாலம் எவ்வளவு மெல்லியது என்பதற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். 2024 இறுதியில் வைன் 9.22 வந்தபோது யாப்ரிட்ஜில் திறந்த பிளக்இன் சாளரங்களில் மவுஸ் சொடுக்கு தவறான இடத்தில் விழத் தொடங்கியது. குமிழைத் திருப்பப் போனால் பக்கத்தில் எங்கோ பிடிக்கும். 9.21-க்குத் திரும்பிப் போய் அங்கேயே பூட்டிவைப்பதுதான் அப்போது வழி. எதையும் வந்தவுடன் ஏற்றிவிடும் ஆர்ச் போன்ற ரோலிங் டிஸ்ட்ரோ வைத்திருந்தவர்களுக்கு இது முதலில் வந்து சேர்ந்தது. விண்டோஸ் பிளக்இன்தான் உங்கள் உயிர்நாடி என்றால் மெதுவாக மாறும் டிஸ்ட்ரோவை எடுங்கள், அல்லது விண்டோஸையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் குறை ஒன்றும் இல்லை.

இதோடு சேர்ந்த இரண்டு சின்ன விஷயங்கள். ரெக்கார்டிங் மென்பொருளை ஃப்ளாட்பேக்காக (எந்த டிஸ்ட்ரோவிலும் ஓடும் தனித் தொகுப்பு வகை) போட்டால் அது தனக்கென்று ஒரு தடுப்புக்குள் ஓடும், கணினியில் வழக்கமான முறையில் நிறுவிய பிளக்இன்கள் அதன் கண்ணில் படாது. பிளக்இன்களையும் ஃப்ளாட்பேக்காகவே போட வேண்டும், அல்லது இரண்டையும் வழக்கமான தொகுப்பாகப் போட வேண்டும். இன்னொன்று, லினக்ஸில் கோப்புப் பெயரின் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறுவேறு. விண்டோஸில் ஓடிய சாம்பிள் தொகுப்பில் (வாத்தியங்களின் பதிவுசெய்த ஒலிகள்) இங்கே பாதி சுரங்கள் ஊமையாக நின்றால் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

கரகரப்பு வந்தால் டிஸ்ட்ரோவை மாற்றுவது

எனக்கு நேர்ந்ததும் இதுதான். பாடும்போது ஹெட்ஃபோனில் பட் பட்டென்று வெட்டு விழுந்தது. ஒரு டிஸ்ட்ரோவை அழித்து இன்னொன்று, அதையும் அழித்து மூன்றாவது என்று சில வாரங்கள் போயின. வெட்டு மட்டும் போகவில்லை. கடைசியில் பார்த்தால், வெப்கேமராவும் வெளி ஹார்ட்டிஸ்க்கும் செருகியிருந்த அதே யூஎஸ்பி ஹப்பில் இன்டர்ஃபேஸையும் செருகியிருந்தேன். அதை நேராக லேப்டாப்பில் செருகியதும் சரியாகிவிட்டது. அந்த வாரங்களில் ஒரு பாட்டுகூட முடியவில்லை என்பதுதான் எனக்கு இன்றைக்கும் வருத்தம்.

தாமதத்தின் கணக்கு எளிது. பஃபர் என்பது கணினி ஒரே தடவையில் கையாளும் ஒலித் துண்டின் அளவு, சாம்பிள் வேகம் என்பது ஒரு வினாடிக்கு எடுக்கும் ஒலி மாதிரிகளின் எண்ணிக்கை. பஃபர் அளவை சாம்பிள் வேகத்தால் வகுங்கள். 48,000 வேகத்தில் 1024 பஃபர் என்றால் சுமார் 21 மில்லிவினாடி. 256 என்றால் 5.3, 128 என்றால் 2.7. குரல் உள்ளே போய் ஹெட்ஃபோனுக்குத் திரும்பி வரும் மொத்தத் தாமதம் இதைவிடக் கூடுதலாக இருக்கும். பஃபரைக் குறைக்கக் குறைக்கக் கணினிக்கு மூச்சு முட்டும், நேரத்துக்குக் கொடுக்க முடியாதபோது வெட்டு விழும். பலர் எல்லா வேலைக்கும் 64 வைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறார்கள். கீபோர்டில் மென்பொருள் பியானோ வாசிக்கக் குறைந்த பஃபர் வேண்டும், சரி. மிக்ஸிங் செய்ய 1024 தாராளம். பாடுகிறவருக்கோ இன்டர்ஃபேஸிலேயே இருக்கும் டைரக்ட் மானிட்டர் பொத்தான் போதும், குரல் கணினிக்குள் போய் வராமல் நேராகக் காதுக்கு வந்துவிடும்.

அடுத்தது, அவசர வேலைகளை நேரம் தவறாமல் கவனிக்கும் 'ரியல்டைம் கெர்னல்' மீதான மோகம். பல ஆண்டுகள் தனியாகச் சேர்க்க வேண்டிய பேட்ச்சாக இருந்த ரியல்டைம் வசதி 2024-ல் வந்த 6.12 கெர்னலில் மையத்திலேயே சேர்ந்துவிட்டது. ஆனால் வீட்டில் நான்கு டிராக் பதிவுசெய்பவருக்குச் சாதாரணக் கெர்னலே பெரும்பாலும் போதும். அதைவிட முக்கியம் அனுமதிகள். ஒலி மென்பொருளுக்கு உயர்ந்த முன்னுரிமையும் நினைவகத்தைப் பூட்டிவைக்கும் உரிமையும் உங்கள் பயனர் கணக்குக்கு இருக்க வேண்டும். பல டிஸ்ட்ரோக்களில் 'ஆடியோ' குழுவில் உங்களைச் சேர்ப்பதன் மூலம் இது நடக்கும். சிபியூ மின்சேமிப்பு நிலையில் தூங்கி வழியாமல் இருக்க வேண்டும், பதிவின்போது வைஃபையை அணைத்துப் பார்க்க வேண்டும். உபுண்டு ஸ்டூடியோ போன்றவற்றின் உண்மையான பயன், இந்த அமைப்புகளில் பெரும்பகுதியை முன்பே செய்து தருவதுதான். ஏற்கெனவே உபுண்டு வைத்திருப்பவர்கள் அழித்துப் போட வேண்டியதில்லை, உபுண்டு ஸ்டூடியோ இன்ஸ்டாலர் என்ற தொகுப்பை அதன் மேலேயே சேர்த்துக்கொள்ளலாம்.

பழைய அறிவுரையைப் பின்பற்றுவது

தேடினால் பத்துப் பன்னிரண்டு ஆண்டுக்கு முந்தைய வழிகாட்டிகள் நிறையக் கிடைக்கும். ஜாக் சர்வரைத் தொடங்கு, பல்ஸ்ஆடியோவை நிறுத்து என்று சொல்லும். இரண்டும் பைப்வயருக்கு முன்பு ஒலியைக் கையாண்ட மென்பொருள்கள், ஜாக் இசை வேலைக்கு, பல்ஸ்ஆடியோ அன்றாடப் பயன்பாட்டுக்கு. அன்றைக்கு அது சரிதான். ஆனால் ஃபெடோரா 2021-லேயே பைப்வயருக்கு மாறிவிட்டது, மற்றவையும் பின்னாலேயே வந்துவிட்டன. ஜாக் மென்பொருள்களோடும் பைப்வயரே பேசும். இப்போது போய்த் தனியாக ஜாக் சர்வரைக் கிளப்பினால் இரண்டும் ஒரே ஒலிக் கருவிக்குச் சண்டை போடும், உங்களுக்குச் சத்தமே வராமல் போகலாம். கேஎக்ஸ்ஸ்டூடியோவை ஒரு டிஸ்ட்ரோ என்று பரிந்துரைக்கும் கட்டுரைகளும் அப்படித்தான். அது இன்று மென்பொருள் களஞ்சியம் மட்டுமே.

ஆயுளைப் பார்க்காமல் எடுப்பது

உபுண்டு ஸ்டூடியோவின் எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) பதிப்புக்கு 3 ஆண்டு ஆதரவு, இடைப்பதிப்புகளுக்கு 9 மாதம்தான். ஃபெடோராவின் ஒவ்வொரு பதிப்பும் சுமார் 13 மாதம். ஆறு பாட்டுள்ள ஒரு தொகுப்பை ஓய்வு நேரத்தில் முடிக்க ஒரு வருடம் பிடிக்கும் என்றால், நடுவில் அப்கிரேட் வந்து நிற்கும் டிஸ்ட்ரோ எதற்கு? வேலை பாதியில் இருக்கும்போது பெரிய அப்கிரேட் எதுவும் வேண்டாம். எதைச் செய்தாலும் டைம்ஷிஃப்ட் போன்ற ஒன்றில் நகல் எடுத்துவிட்டுச் செய்யுங்கள்.

முதல்முறை வருபவருக்கு என் பரிந்துரை உபுண்டு ஸ்டூடியோ எல்டிஎஸ். புத்தம்புது லேப்டாப் என்றால் ஃபெடோரா. பழைய கணினி என்றால், டெபியன், எம்எக்ஸ் என்ற டிஸ்ட்ரோக்களின் வழியில் வந்த ஏவி லினக்ஸ். ஏற்கெனவே லினக்ஸ் மின்ட் போட்டுப் பழகியிருந்தால் அதையே வைத்து, மேலே சொன்ன அனுமதிகளைச் சரிசெய்துகொள்ளுங்கள். 'ஸ்டூடியோ' டிஸ்ட்ரோக்களில் மெனு முழுக்க மென்பொருள் நிரம்பியிருக்கும். பதிவுக்கு ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றவற்றைத் திறக்காமல் விடுங்கள்.

போட்டு முடித்ததும் ஒரு சோதனை. போனில் தம்புரா செயலியை ஓடவிட்டு மைக் முன்னால் வையுங்கள். 256 பஃபரில் அரை மணி நேரம் பதிவுசெய்யுங்கள். அப்போதே பிரவுசரில் ஏதாவது பக்கத்தைத் திறந்து மூடுங்கள், ஒரு கோப்பை நகலெடுங்கள். அப்புறம் பதிவை ஹெட்ஃபோனில் கேளுங்கள். பாட்டில் மறைந்துவிடும் சின்ன வெட்டுகூடச் சீராக ஓடும் சுருதியில் உடனே காதில் குத்தும். வெட்டு இருந்தால் முதலில் யூஎஸ்பி துளையை மாற்றுங்கள், பிறகு வைஃபையை அணையுங்கள், அதன் பிறகு பஃபரை ஒரு படி கூட்டுங்கள்.