நாணயக் கணக்கா? முதலில் எண்ணிக்கையையும் மதிப்பையும் பிரியுங்கள்

“உண்டியலில் 2 ரூபாய், 5 ரூபாய் நாணயங்கள் மொத்தம் 40 உள்ளன. மதிப்பு 125 ரூபாய். ஒவ்வொன்றிலும் எத்தனை?” இந்த மாதிரிக் கணக்கில் பிள்ளைகள் தடுமாறுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: நாணயத்தின் எண்ணிக்கையையும் ரூபாயையும் ஒன்றாகக் கலந்துவிடுவார்கள்.

5 ரூபாய் நாணயங்களின் எண்ணிக்கையை x என்று வையுங்கள். மீதி எல்லாம் 2 ரூபாய், அதாவது 40 − x. இங்கே y என்று இன்னொன்றைக் கொண்டுவர வேண்டியதே இல்லை. இதுவரை எழுதியது எண்ணிக்கை மட்டும். அப்புறம் ஒவ்வொன்றையும் அதன் மதிப்பால் பெருக்குங்கள்:

5x + 2(40 − x) = 125
3x + 80 = 125
x = 15

ஆக, 5 ரூபாய் 15, 2 ரூபாய் 25. சரிபார்த்தால் 75 + 50 = 125.

அந்த 3x + 80 என்ற வரியைக் கொஞ்சம் கவனியுங்கள். நாற்பதும் 2 ரூபாயாக இருந்தால் 80 ரூபாய்தான்; 45 குறைகிறது. ஒரு நாணயத்தை 5 ரூபாயாக மாற்றினால் 3 ரூபாய் கூடும். 45 ÷ 3 = 15. இதைப் புரிந்துகொண்ட பிள்ளை மனக்கணக்காகவே விடை சொல்லிவிடும்.

பழைய வினாத்தாள்களில் 25 காசு வரும் (2011-லேயே செல்லாமல் போய்விட்டது, கணக்கில் மட்டும் இன்னும் புழங்குகிறது!). அப்போது எல்லாவற்றையும் காசாக மாற்றிவிடுங்கள். தசமத் தொல்லை இருக்காது. விடை பின்னமாகவோ குறை எண்ணாகவோ வந்தால், சமன்பாட்டைத் திரும்பப் பாருங்கள். அரை நாணயம் எந்த உண்டியலிலும் கிடையாது.