சைக்கோசிஸுக்கு பேச்சு தெரபி வேலை செய்யுதான்னு டெஸ்ட் பண்றது எப்படி?

மாத்திரைய டெஸ்ட் பண்றதுக்கு ஒரு வழி இருக்கு, அதே கலர்ல அதே சைஸ்ல டம்மி செஞ்சு பாதி பேருக்கு குடுத்துட்டா யாருக்கு எது போச்சுன்னு டாக்டருக்கும் தெரியாது பேஷண்டுக்கும் தெரியாது. பேச்சு தெரபில அது நடக்காது, வாராவாரம் ஒருத்தர் எதிர்ல உக்காந்து பேசுறோமா இல்லையான்னு அந்த ஆளுக்கே தெரியும்ல. சைக்கோசிஸ்னா யாரும் பேசாமலே குரல் கேக்குறது, இல்லாதத உண்மைன்னு உறுதியா நம்புறது மாதிரியான மனநிலை. ஸ்கிசோஃப்ரினியா மாதிரி அது வர்ற பிரச்சனைக்கு தெரபி ட்ரையல் பிளான் பண்ற ஸ்டூடன்ட்ஸுக்குத்தான் இத எழுதுறேன். உதாரணமெல்லாம் பிரிட்டன்லருந்து எடுத்திருக்கேன், இந்த வகை ட்ரையல் அங்க நெறய நடந்திருக்கு.

முதல்ல முடிவு பண்ண வேண்டியது, தெரபி கிடைக்காத குரூப்புக்கு என்ன குடுக்கப் போறீங்கன்றது. என்னைக் கேட்டா பாதி ட்ரையலோட தலையெழுத்து இங்கயே முடிவாயிடுது. வழக்கமான ட்ரீட்மென்ட் மட்டும் குடுத்தீங்கன்னா, உங்க தெரபி ஜெயிச்சாலும் அது டெக்னிக்கால வந்ததா இல்ல யாரோ ஒருத்தர் பொறுமையா காது குடுத்துக் கேட்டதால வந்ததான்னு சொல்ல முடியாது. அதனால அந்தப் பக்கமும் அதே அளவு நேரம் பேச்சு குடுங்க. 2000ல வந்த ஒரு ட்ரையல்ல மாத்திரைக்கு சரியா கேக்காத 90 பேர்ல ஒரு பாதிக்கு சிபிடி (தன்னோட எண்ணத்தையும் நடவடிக்கையையும் அலசி மாத்திக்கப் பழக்குற பேச்சு தெரபி), இன்னொரு பாதிக்கு சும்மா நட்பா பேச்சு, ஹாபி ஸ்போர்ட்ஸ் நாட்டு நடப்புன்னு, நோயைப் பத்தி பேச்சே எடுக்கறதில்ல. 9 மாசம் முடிஞ்சப்போ ரெண்டு குரூப்புமே தேறியிருந்தாங்க, ஆனா அதுக்கப்புறம் இன்னொரு 9 மாசம் கழிச்சு பாத்தா சிபிடி பக்கம் தாக்குப்பிடிச்சுது, நட்புப் பேச்சுப் பக்கம் சறுக்கிடுச்சு.

இதுக்கு நேர் எதிரா நடந்தது அவதார் தெரபி. தனக்குக் கேக்குற குரலுக்கு ஒரு முகத்த பேஷண்டே கம்ப்யூட்டர்ல செய்வாரு, தெரபிஸ்ட் அந்த முகமா அந்தக் குரல்ல பேசுவாரு, இவரு அதை எதிர்த்து நின்னு பதில் சொல்லிப் பழகணும். லண்டன் கிங்ஸ் காலேஜ் டீம் 150 பேர வச்சு, எதிர்ப்பக்கம் கவுன்சிலிங் குடுத்து டெஸ்ட் பண்ணாங்க. 12 வாரத்துல அவதார் நல்லாவே முன்னாடி, 24 வாரத்துல கவுன்சிலிங் பக்கமும் தேறி வந்து வித்தியாசம் கரைஞ்சுடுச்சு. அதனால எந்தத் தேதி ஸ்கோர் தான் மெயின் ரிசல்ட்னு முதல் ஆள சேக்குறதுக்கு முன்னாடியே எழுதி ரெஜிஸ்டர் பண்ணிடுங்க, அப்புறமா நல்லா வந்த தேதிய பொறுக்கி எடுக்கறது ஏமாத்து வேலை.

ஸ்கோருக்கு வருவோம். குரல் தான் குறின்னா சைராட்ஸ் ஸ்கேல்ல குரல் பகுதில 11 கேள்வி இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் 0லருந்து 4, எவ்ளோ அடிக்கடி எவ்ளோ சத்தமான்றது மட்டும் இல்லாம எவ்ளோ வேதனை, எவ்ளோ கன்ட்ரோல் இருக்குன்னும் கேக்கும். குரல் நிக்காமலே வேதனை குறையலாம், தெரபியோட நோக்கமே பல நேரம் அதுதான், அதனால டோட்டல் மட்டும் பாக்காதீங்க. பொதுவான அறிகுறிக்கு பான்ஸ்னு இன்னொரு ஸ்கேல், 30 ஐட்டம், ஒவ்வொண்ணும் 1லருந்து 7. இங்க ஒரு பொறி இருக்கு, ஒண்ணுமே இல்லாத ஆளுக்கும் ஸ்கோர் 30, பூஜ்யம் கிடையாது. 90லருந்து 75க்கு வந்தா 17 பர்சன்ட் குறைஞ்சதுன்னு போடுவாங்க, 30ஐ கழிச்சிட்டு பாத்தா 60லருந்து 45, அதாவது 25 பர்சன்ட்.

ஸ்கோர் போடுற ஆளுக்கு யார் எந்த குரூப்புன்னு தெரியக் கூடாது. சொல்றதுக்கு சுலபம், ஆனா பேஷண்ட் பாட்டுக்கு "என் தெரபிஸ்ட் அன்னைக்கு சொன்னாங்க"ன்னு ஆரம்பிச்சிருவாரு. இன்டர்வியூ ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே அத சொல்லாதீங்கன்னு ஞாபகப்படுத்துங்க, ஸ்கோர் போடுறவங்களுக்கு தனி ரூம் தனி டைரி வைங்க, அப்படியும் உளறிட்டா அத குறிச்சு வச்சிட்டு அடுத்த தடவை வேற ஆள அனுப்புங்க. பழைய சிபிடி ட்ரையல்கள ஒண்ணா சேர்த்து பாத்தப்போ, இப்படி மறைச்சு ஸ்கோர் போட்டதுல எல்லாம் பலன் கம்மியாத்தான் தெரிஞ்சுது.

செஷன் எண்ணிக்கைல கஞ்சத்தனம் வேண்டாம், பிரிட்டன்ல எந்த நோய்க்கு என்ன ட்ரீட்மென்ட்னு வழிகாட்டுற நைஸ் அமைப்பு சிபிடிக்கு 16 செஷனாவது வேணும்னு சொல்லுது. தெரபிஸ்ட் சொன்னபடிதான் செய்றாரான்னு செக் பண்ண ரெக்கார்டிங் வேணும், ஆனா யாரோ தன்ன ஒட்டுக் கேக்குறாங்கன்னு நம்புற ஒருத்தர் முன்னாடி மைக்க வைக்கறது என்ன ஆகும்னு யோசிங்க. ரெக்கார்டிங்குக்கு சம்மதம் தனியா வாங்குங்க, வேண்டாம்னு சொன்னா விட்டுடுங்க, ட்ரையல்லருந்து தூக்கிடாதீங்க.

பாதில நின்னவங்களையும் அவங்கவங்க குரூப்லயே வச்சு கணக்கு போடணும். ட்ரையல் நடக்குறப்போ மாத்திரை டோஸ் மாறுனா அதையும் எழுதுங்க. ஆஸ்பத்திரில அட்மிட் ஆனது, தற்கொலை முயற்சி, அறிகுறி மோசமானது, இதெல்லாம் ரெண்டு குரூப்லயும் ஒரே மாதிரி கேட்டு குறிக்கணும், பேச்சு தானே அதால என்ன கெடுதல் வரும்னு நெறய பேர் இந்தப் பக்கத்த காலியாவே விட்டுடுறாங்க.