பிளாஸ்டிக் பெட்ரோல் டேங்கில் சாயம் ஏன் கொப்புளிக்கிறது? அடிக்கும் முன் செய்ய வேண்டியவை

தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலை முருகன் கோவிலுக்குப் போவதற்குள் மாமாவின் பழைய ஸ்கிராம்ப்ளர் மோட்டார்சைக்கிளைப் புதுசு போல ஆக்கித் தருகிறேன் என்று வாயை விட்டுவிட்டேன். செம்பனைத் தோட்டத்துக்குள்ளேயே காலத்தை ஓட்டிய மோட்டார் அது. வெள்ளையாக இருந்த பிளாஸ்டிக் டேங்க் டீ சாயம் பிடித்த பல் மாதிரி மஞ்சளாகிக் கிடந்தது. இங்கே சுங்கை சிப்புட்டில் தெரிந்த ஸ்ப்ரே கடை அண்ணனிடம் கொடுத்தேன், அவரும் கருஞ்சிவப்பு அடித்து மேலே கிளியர் (நிறமில்லாத மேல்பூச்சு) போட்டுக் கண்ணாடி மாதிரி கொடுத்தார். பதினோரு நாள் நன்றாக இருந்தது. பன்னிரண்டாம் நாள் மத்தியானம் வெயிலில் நிறுத்திவிட்டுச் சாப்பிட்டு வந்து பார்க்கிறேன், அம்மை போட்ட மாதிரி டேங்க் முழுக்கக் கொப்புளம். சாயங்காலம் கொஞ்சம் அமுங்கியது, மறுநாள் வெயிலில் திரும்ப எழும்பியது. ஒன்றைக் குண்டூசியால் குத்தினேன். தண்ணீர் கசியும் என்று நினைத்தேன், வந்தது பெட்ரோல் வாடை.

அண்ணனிடம் போய்ச் சண்டை போட்டேன், அது என் தப்பு. அவர் அடித்ததில் குறையே இல்லை. குறை உள்ளே இருந்தது.

சம்பல் பிளாச்சான் (மிளகாய் இறால் விழுது) வைத்த பிளாஸ்டிக் டப்பாவைக் கழுவிப் பார்த்திருக்கிறீர்களா? எத்தனை முறை சோப்பு போட்டாலும் வாடை போகாது, ஏனென்றால் எண்ணெய் டப்பாவின் மேலே ஒட்டியிருக்கவில்லை, சுவருக்குள்ளேயே இறங்கிவிட்டது. டேங்கிலும் இதேதான் நடக்கிறது. ஸ்கிராம்ப்ளர், மோட்டோகிராஸ் வகைகளில் வரும் பிளாஸ்டிக் டேங்குகள் பெரும்பாலும் பாலிஎதிலின். பெட்ரோல் அந்தச் சுவருக்குள் ஊறி, ஆவியாக மறுபக்கம் மெதுவாக வெளியேறிக்கொண்டே இருக்கும். ஓட்டை எதுவும் வேண்டாம். அமெரிக்காவில் 2008 மாடலிலிருந்து மோட்டார் டேங்க் சுவர் வழியாக ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளைக்கு 1.5 கிராமுக்கு மேல் பெட்ரோல் வெளியேறக் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். வரம்பு வைக்கும் அளவுக்கு அது சாதாரணமாக நடக்கிற விஷயம். உள்ளே தடுப்புப் படலம் எதுவும் இல்லாத வெறும் பாலிஎதிலின் அதைவிடப் பல மடங்கு விடும். வெறும் டேங்காக இருக்கும்வரை அந்த ஆவி காற்றோடு போய்விடும், நமக்குத் தெரியவும் தெரியாது. மேலே சாயம் என்று ஒரு மூடி போட்டோமா, அதற்குப் போக வழியில்லை. சாயத்துக்கு அடியில் சேர்ந்து, வெயில் சூட்டில் உப்பும்.

இதில் ஆரம்பக்காரர்கள் குழப்பிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. சாயம் உரிவது வேறு, கொப்புளிப்பது வேறு. பாலிஎதிலின் மெழுகு மாதிரி வழுவழுப்பானது, எதுவும் ஒட்டாது, அதனால் உரிகிறது. அதற்கு மருந்து பிளாஸ்டிக் பிரைமர், நிறத்துக்கு முன் அடிக்கும் ஒட்டுப் பூச்சு. கொப்புளத்துக்கு அந்தப் பிரைமரால் பயனில்லை.

சரி, வேலைக்கு வருவோம்.

முதலில் உங்கள் டேங்க் என்ன பொருள் என்று பாருங்கள். காந்தம் வைத்தால் ஒட்டினால் இரும்பு, இந்தப் பக்கத்தை மூடிவிட்டுப் போகலாம். ஒட்டாவிட்டால் அலுமினியமாகவும் இருக்கலாம், அதனால் நகத்தால் தட்டிச் சத்தம் கேளுங்கள், டேங்கின் அடிப்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். பிளாஸ்டிக் என்றால் பிஇ, எச்டிபிஇ, பிஏ என்று எதையாவது அச்சில் வார்த்திருப்பார்கள். பிஇ, எச்டிபிஇ இரண்டும் பாலிஎதிலின், பிஏ என்பது நைலான். இன்னொன்று, சில மோட்டார்களில் நாம் டேங்க் என்று நினைப்பது வெறும் கவர்தான், உண்மையான டேங்க் அதற்கு அடியில் இரும்பாக இருக்கும். கப்சாய் என்கிற சின்ன மோட்டார்களில் டேங்க் சீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது. கவர் என்றால் கவலையே வேண்டாம், அதைப் பெட்ரோல் தொடுவதில்லை, தாராளமாக அடிக்கலாம்.

பாலிஎதிலின் டேங்க்தான் என்று உறுதியானால், பெட்ரோலை வெளியே எடுங்கள். வீட்டுக்குள் வேண்டாம், அஞ்சடியிலும் (கடை வரிசை முன் நடைபாதை) வேண்டாம், திறந்த வெளியில். பக்கத்தில் சிகரெட், சாமி விளக்கு, கொசுவர்த்தி எதுவும் இருக்கக் கூடாது. நிரம்பிய டேங்கைவிடக் காலி டேங்க்தான் ஆபத்து, உள்ளே ஆவியும் காற்றும் கலந்து நிற்கும். பெட்ரோல் டேப்பையும் (அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் குழாய்) மூடியையும் கழற்றி, பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி மூன்று நான்கு தடவை அலசுங்கள்.

அப்புறம் காத்திருக்க வேண்டும். இங்கேதான் எல்லாரும் அவசரப்படுகிறார்கள், நானும்தான். மூடியைத் திறந்தே வைத்து, காற்றோட்டமான நிழலில் குறைந்தது மூன்று நான்கு வாரம் விடுங்கள். சுவருக்குள் ஊறியது வெளியே வர அவ்வளவு நாள் ஆகும். முடிந்ததா என்று பார்க்க நான் செய்வது இது: சமையலறை அலுமினியத் தாளில் உள்ளங்கை அளவு வெட்டி, டேங்கின் வெளிப்பக்கத்தில் வைத்து நான்கு ஓரமும் ஒட்டு நாடா ஒட்டி, ஒரு நாள் முழுக்க விட்டுவிட்டு, ஒரு மூலையைத் தூக்கி மூக்கை வைத்து முகர்ந்து பார்ப்பேன். பெட்ரோல் வாடை லேசாக அடித்தாலும் இன்னும் ஒரு வாரம்.

ஆனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். எவ்வளவு காயவைத்தாலும் நீங்கள் திரும்பப் பெட்ரோல் ஊற்றத்தான் போகிறீர்கள், அது திரும்ப ஊறத்தான் போகிறது. காயவைப்பது கொப்புளத்தைத் தள்ளிப்போடும், ஒழிக்காது. முழுக்கத் தடுக்க வேண்டுமென்றால் உள்சுவரிலேயே தடுப்பு வேண்டும். அதைத் தொழிற்சாலையில் செய்கிறார்கள்: டேங்கின் உட்புறத்தில் ஃபுளோரின் வாயு செலுத்தி மேற்பரப்பை மாற்றுவது, இல்லையென்றால் நடுவில் ஆவி புகாத ஒரு படலம் வைத்துப் பல அடுக்காக வார்ப்பது. வீட்டில் முடியாது. டின்னில் வரும் எப்பாக்சி டேங்க் சீலரை உள்ளே ஊற்றிச் சுழற்றலாமே என்று கேட்பீர்கள். இரும்புக்கும் ஃபைபர் டேங்குக்கும் அது சரி. பாலிஎதிலினில் அதுவும் ஒட்டாது, நாளாவட்டத்தில் செதில் செதிலாகக் கழன்று பெட்ரோல் டேப்பையும் கார்புரேட்டரையும் அடைக்கும்.

அதனால் முடிவை நீங்கள்தான் எடுக்க வேண்டும். என்னைக் கேட்டால் அடிக்காதீர்கள் என்பேன். இல்லை, அடித்தே தீருவேன் என்றால் இப்படி அடியுங்கள்.

320 நம்பர் நீர்த்தாள் (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள்) போட்டு ஈரத்தோடு தேய்த்து, 400-இல் முடியுங்கள். பாலிஎதிலின் தேய்க்கத் தேய்க்க நூல் நூலாகப் பிசிறு எழும்பும், பயப்பட வேண்டாம், சாம்பல் நிற ஸ்காட்ச்பிரைட் போட்டால் அடங்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடையுங்கள். தின்னர் ஊற்றித் துடைக்காதீர்கள், அதுவும் உள்ளே ஊறும். வீடியோக்களில் ஊதுவிளக்குத் தீயை மேலே ஓட்டிச் சாயம் ஒட்ட வைப்பார்கள், தொழிற்சாலை முறைதான், ஆனால் பெட்ரோல் கண்ட டேங்கில் அதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள்.

பிளாஸ்டிக் பிரைமரை, அதாவது கார் பம்பருக்கு அடிக்கும் அந்த நிறமில்லாத டின்னை, பனி மாதிரி மெல்லிசாக இரண்டு தடவை விசிறுங்கள். டின்னில் போட்டிருக்கும் நேரத்துக்குள் நிறத்தை அடித்துவிட வேண்டும், மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து அடிக்கலாம் என்று போய்விடாதீர்கள். நிறமும் கிளியரும் எவ்வளவு மெல்லிசோ அவ்வளவு நல்லது, ஹார்ட்னர் கலந்து அடிக்கும் தடித்த 2கே கிளியர் நான்கு கோட் போட்டால் நீங்களே ஆவிக்குக் கதவைச் சாத்தியது போல. மழை வரும் சாயங்காலத்தில் அடிக்க வேண்டாம், ஈரக்காற்றில் சாயம் பால் பூத்த மாதிரி வெளுத்துவிடும். காலை பத்து மணிக்கு மேல், வெயில் ஏறி ஈரம் அடங்கியதும், நிழலில் அடிப்பது நல்லது. அடித்த பிறகு ஒரு வாரமாவது பெட்ரோல் ஊற்றாமல் வையுங்கள்.

ஓட்ட ஆரம்பித்ததும் மூடியிலிருந்து வரும் சின்ன ரப்பர் காற்றுக் குழாயைப் பாருங்கள். தோட்டத்து மண் அதில் அடைத்துக்கொள்ளும். அடைத்தால் வெயிலில் உள்ளே அழுத்தம் ஏறும். வாய் வரை நிரப்பி வெயிலில் விடாதீர்கள், மாதக்கணக்கில் ஓட்டப்போவதில்லை என்றால் காலி செய்து வையுங்கள். கொப்புளம் வந்துவிட்டால் ஊசியால் குத்தி மேலே டச்சப் அடிப்பது வீண் வேலை, அதே இடத்தில் திரும்ப வரும். மலேசியாவில் நிறத்தை மாற்றினால் ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்து இலாகா) பதிந்து கிரானிலும் (வண்டிப் பதிவுப் பத்திரம்) மாற்ற வேண்டும், அதையும் மறந்துவிடாதீர்கள்.

அடிக்காதீர்கள் என்றேனே, அதற்கு மாற்று இதுதான். மஞ்சளான டேங்கை 240-இல் ஆரம்பித்து 400, 600 என்று ஈரத்தோடு தேய்த்தால் மேல் தோல் போய் உள்ளே இருக்கும் வெள்ளை வந்துவிடும், தோள் வலிக்கும், அவ்வளவுதான். அதன் மேல் மோட்டோகிராஸ் டேங்குக்கென்றே விற்கும் பொடித் துளை போட்ட ஸ்டிக்கரை ஒட்டுங்கள். கிட்டத்தில் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் ஊசி முனை அளவு துளைகள் வரிசையாகத் தெரியும், ஆவி அதன் வழியாகப் போய்விடுகிறது. துளையில்லாத சாதாரண ஸ்டிக்கர் ஒட்டினால் சாயத்துக்கு வந்த அதே அம்மை இதற்கும் வரும்.

மாமாவின் டேங்கில் சாயத்தை முழுக்கச் சுரண்டிவிட்டு இப்படித்தான் செய்து கொடுத்தேன். வெள்ளை டேங்க், இரண்டு பக்கமும் சிவப்பு ஸ்டிக்கர், இதுவரை ஒரு கொப்புளம் இல்லை. மூடிக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு மூலை தூக்கியிருக்கிறது. பெட்ரோல் ஊற்றும்போது சிந்தினீர்களா மாமா என்று கேட்டால், ஒட்டினவன் சரியாக ஒட்டவில்லை என்கிறார்.